கடல் கடந்து உழைக்கும் எம்மவரும் சீனி வருத்தமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த விழாவுக்காக எமது வகுப்பினரின் முகவரிகளைத் திரட்டியபோது ஒரு விடயம் எமக்கு உறைத்தது. செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை, சித்தாண்டி என்று எழுதத் தொடங்கிய பட்டியலில், பாதி வழியிலேயே குவைத், கட்டார், சவூதி, டுபாய், ஓமான் என்ற பெயர்கள் ஊர்ப் பெயர்களைவிட அடிக்கடி வரத் தொடங்கின. பதுளை வீதிப் பக்கம் கரடியனாறு, பன்குடாவெளி, இலுப்படிச்சேனையிலிருந்து வந்து படித்த பிள்ளைகளில் பலர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. சிலருக்கு லீவு கேட்கவே பயம்.

ஆகவே, எமக்குப் பேசத் தந்த இந்த அரை மணித்தியாலத்தை, வர முடியாமற்போன அவர்களுக்காகச் செலவிட விரும்புகிறோம். அவர்கள் அனுப்பும் காசைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நாம் பேசப்போவது அவர்களுடைய உடம்பைப் பற்றி. குறிப்பாக நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் ஊரிலே சீனி வருத்தம் என்றும் சொல்கிற நோயைப் பற்றி.

முதலில் எமது பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்புத் தோழி ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது. வெறும் வயிற்றில் பார்த்த சீனி 118. அன்று கிளினிக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருந்தார்கள். "இது இன்னும் வருத்தமாக வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. சீனியைக் குறையுங்கள், தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள், ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள்" என்று சொல்லிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் திரும்பவும் விமானம் ஏறினார்.

நாலு வருடம் கழித்து அவர் வந்தது காலில் கட்டுடன். குளியலறை கழுவும்போது போட்டிருந்த செருப்பின் வார் உரசிய சிறு புண். வலி தெரியவில்லை. வலி தெரியாததால் வேலையை நிறுத்தவில்லை. சீனி 400ஐத் தாண்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வாட்டில் இருந்தபோது கேட்டோம், "அன்றைக்கு நடக்கச் சொன்னோமே, நடக்கவில்லையா?" என்று. ஒரே வாங்கில் இருந்து படித்தவர், எம்மை டொக்டர் என்றே கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க டொக்டர் நடக்கிற? கேற்றுத் திறப்பு மேடம்ட கையில. மூணு மாடிக்கும் ஏறி இறங்கிறதுதான் நம்மட நடை. ஆறு மாசத்தில வரச் சொன்னீங்க. ரெண்டு வருச அக்ரிமெண்டில ஆறு மாசத்தில எப்பிடி வாற?"

பதில் சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் எங்கே வேலை செய்கிறார், எத்தனை மணிக்குத் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு கேள்வி கூட நாம் கேட்டிருக்கவில்லை. எமது ஆலோசனை வீட்டில் இருப்பவருக்கு எழுதப்பட்டது. அவர் வீட்டில் இருப்பவர் அல்லர். அந்தத் தோழியின் அனுமதியுடன்தான், பெயரை மட்டும் விட்டுவிட்டு, இதைச் சொல்கிறோம்.

இனி நோயின் கணக்கைப் பார்ப்போம். 2008இல் வெளியான தேசிய ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று கண்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த இன்னொரு நாடளாவிய ஆய்வு, பெரியவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்ட என்று கண்டது. இரண்டு ஆய்வுகளும் எடுத்த முறைகளில் வேறுபாடு இருக்கலாம். ஆனாலும் போகிற திசை எல்லோருக்கும் விளங்கும்.

எங்கள் உடம்புக்கு ஏன் இது இவ்வளவு எளிதில் வருகிறது? தெற்காசியர்களாகிய நாம் பார்வைக்கு மெலிவாக இருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உடல்வாகு உடையவர்கள். அதனால்தான் எமக்கென்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90 சென்ரிமீற்றர். அதைத் தாண்டினால் கவனம் வேண்டும். வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொல்லும் அளவு இதைவிடக் கூட. ஊரை விட்டுப் போனால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. 1985இல் வெளியான ஆய்வொன்றுக்காக இலண்டனின் சவுத்ஹால் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, அங்கே குடியேறியிருந்த தெற்காசியர்களிடையே, நடுவயதில், அயலிலுள்ள ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு நீரிழிவு இருந்தது.

இன்னொரு காரணத்தை எமது ஊரவர் தம் வாழ்க்கையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் பரிசோதித்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுடைய உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. வயிற்றில் பட்டினி கண்ட பிள்ளை, கிடைப்பதைச் சேமிக்கும் உடம்போடு பிறக்கிறது. பிற்காலத்தில் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சேமிப்பே வினையாகிறது.

எமது வகுப்பில் சிலர் 1978 சூறாவளியை ஒட்டிப் பிறந்தவர்கள். எமக்குப் பின் வந்த தங்கச்சிமார் 1990இலும் அதன் பின்னும், இடம்பெயர்ந்த முகாம்களில், நிவாரண மாவிலும் பருப்பிலும் தாய்மார் வயிறு நிரப்பிய காலத்தில் பிறந்தவர்கள். அந்தத் தலைமுறைதான் இன்று முப்பது, நாற்பது வயதில் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது. எமது மாவட்டத்தில் இதை அளந்த ஆய்வை வைத்து நாம் பேசவில்லை. ஆனால் ஒரு வைத்தியராக, இந்த வயதினரைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் இருக்க முடியாது.

அங்கே போன பின் என்ன நடக்கிறது? வீட்டு வேலைக்குப் போன பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓய்வில்லாத வேலை, ஆனால் நெஞ்சு வேகமாக அடிக்கும் நடை இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பின், இரவு பதினொரு மணிக்கு, மிஞ்சிய சோறும் இறைச்சியும். களைப்புக்குச் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி நாலைந்து தரம். நோன்பு மாதத்தில் இரவும் பகலும் மாறிப் போகும். ஐந்து மணித்தியாலத் தூக்கம் பல மாதம் தொடர்ந்தால் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைகிறது. பிள்ளையை விட்டு வந்த கவலையும் கடன் நினைப்பும் சேரும்போது, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹோர்மோன்களும் சீனியை உயர்த்துகின்றன. சாப்பாடு ஒன்றுதான் ஆறுதல் என்று சொன்ன பெண்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

ஆண்களின் கதை வேறு. வயலில் வரம்பு கட்டிய தம்பிமார் அங்கே பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையில் இருக்கும் காவலாளியாகவோ சாரதியாகவோ மாறுகிறார்கள். கட்டட வேலைக்குப் போனவர்களுக்கு வெயில். கட்டாரில் ஜூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று 2021இல் சட்டம் வந்தது. அவ்வளவு கொடிய வெயில் அது. தாகத்துக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த சோடாவும் சக்தி பானமும் குடித்தால், ஒரு போத்தலில் ஏழெட்டுத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. ஏற்கெனவே சீனி இருப்பவருக்கு உடம்பு நீர் வற்றினால் அளவு இன்னும் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அறையில் எட்டுப் பேர் முறை வைத்துச் சமைக்கும்போது மரக்கறிக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. சோறும் பரோட்டாவும் முட்டையும்தான்.

"மெடிக்கல் பாஸ் பண்ணித்தானே போறாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பரிசோதனை வேலைக்கு எடுப்பவருக்காகச் செய்யப்படுவது. தொற்று நோய் இருக்கிறதா, கர்ப்பமா, வேலை செய்ய முடியுமா என்பதே அதன் கேள்வி. பாஸ் அல்லது பெயில் என்று ஏஜென்சிக்குச் சொல்வார்கள். உங்கள் சீனி எத்தனை, நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்களா என்று உங்களை இருத்தி விளக்குபவர் அரிது. 118 உள்ளவரும் பாஸ்தான். எமது தோழியும் பாஸ்தான்.

வாசற்படியில் நிற்பது சின்ன விடயம் அல்ல. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 வீதமானோருக்கு அந்த மூன்று வருடத்துக்குள் நீரிழிவு வந்துவிட்டது. நடை, உணவு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க உதவி பெற்றவர்களிடம் இது ஏறத்தாழ 39 வீதமாகக் குறைந்தது. மெற்போமின் குளிசை சிறிய அளவில் எடுத்தவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. இதில் எமக்குப் பாடம் உண்டு. நடக்க வழியில்லாத வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு, அவருடைய நிலைமையைக் கேட்டறிந்து, குளிசை தேவையா என்று யோசிக்க எமக்கு அன்றே இடமிருந்தது. கேட்டிருந்தால் யோசித்திருப்போம்.

வருத்தம் தெரிந்தும் மறைப்பவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? எமது ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இந்த வழக்கம் நன்றா தீதா என்பது வேறு பேச்சு. ஆனால் போரில் கணவனை இழந்தவரும், கடன் எடுத்துக் கட்ட முடியாமற்போனவரும் விமானம் ஏறுவது பெரும்பாலும் அந்த நாலு சுவருக்காகத்தான். ஒருமுறை போனால் அத்திவாரம், இரண்டாம் முறை சுவர், மூன்றாம் முறை ஓடு. இடையில் "உனக்குச் சீனி" என்று திருப்பி அனுப்பினால் வீடு அரைகுறையாக நிற்கும். அதனால் மெடிக்கலுக்கு முன் நாலைந்து நாள் பட்டினி கிடப்பவர்களும், குளிசையை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டு போபவர்களும் இருக்கிறார்கள். சாப்பிடாமல் சீனிக்குளிசை மட்டும் போட்டு, சீனி இறங்கி மயங்கி விழுந்தவர்களும் உண்டு.

தங்கச்சிமாரே, உங்களிடம் நாங்கள் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை எமக்கில்லை. 2022இல் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். நாடு தடுமாறி நின்ற காலத்தில் அதைத் தாங்கியதில் அவர்கள் அனுப்பிய டொலருக்குப் பெரும் பங்குண்டு. போங்கள். ஆனால் உடம்பை அறிந்துகொண்டு போங்கள்.

போவதற்கு முன்: ஏஜென்சியின் மெடிக்கலுக்கு ஒரு மாதம் முந்தியே எமது அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி பாருங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நல்லது. 100 முதல் 125 வரை வாசற்படி. 126ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை கிடைத்தால் அதையும் செய்யுங்கள். நாலு நாள் பட்டினி அதை ஏமாற்றாது. கர்ப்ப காலத்தில் சீனி இருந்ததா என்று பழைய கொப்பியைப் பாருங்கள். இருந்திருந்தால் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்புப் பல மடங்கு. தாய் தகப்பனுக்கு இருந்தாலும் சொல்லுங்கள். வருத்தம் இருந்தால் மறைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவோடு வேலை செய்பவர்கள் ஏராளம். கட்டுப்பாட்டில் இல்லாததுதான் உங்களைத் திருப்பி அனுப்பும், அல்லது அங்கே படுக்க வைக்கும். குளிசைகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதத்தை ஆங்கிலத்தில் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து செல்லுங்கள், காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை வீட்டில் வையுங்கள்.

போன இடத்தில்: தேத்தண்ணிக்குச் சீனியைக் கரைக்காமல், எங்கள் அம்மம்மா செய்ததுபோல உள்ளங்கையில் துளி வைத்துக் குடியுங்கள், பிறகு அதையும் விடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர். சோற்றைக் குறைத்து, அங்கே தாராளமாகக் கிடைக்கும் வெள்ளரி, தக்காளி, பயறு வகைகளைக் கூட்டுங்கள். வெளியே நடக்க முடியாவிட்டால், அறைக்குள் பத்து நிமிடம் நின்ற இடத்தில் நடப்பதும் கதிரையில் இருந்து எழும்பி இருப்பதும் கணக்கில் சேரும். ஈரத்தில் வேலை செய்தால் இரவு படுக்கும் முன் விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் மெலிவு, ஆறாத புண், கண் மங்கல், இவற்றில் எது வந்தாலும் வீட்டுக்காரரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

திரும்பி வந்தால்: பெட்டியை அவிழ்த்த முதல் மாதத்துக்குள் சீனி, பிரசர், சிறுநீர், கண், கால் எல்லாவற்றையும் பாருங்கள். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வயதில் எமது பெண்களில் பலர் ஊரில் இல்லை. லீவில் வரும் நாலு வாரமும் கோயிலும் கலியாண வீடுமாகக் கழிகிறது. 2013இல் இந்த நாடு குடிபெயர்வோருக்கான தேசிய சுகாதாரக் கொள்கையை வகுத்தது. போகிறவர், அவர்கள் விட்டுச் செல்லும் குடும்பம் எல்லோரையும் பற்றி அது பேசுகிறது. கொள்கை கொழும்பில் இருக்கிறது. அதைப் பதுளை வீதிக்குக் கொண்டு வரும் வேலை எங்களைப் போன்றவர்களுடையது.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை அழைப்பு எடுக்கும்போது "காசு போட்டாச்சா, சாப்பிட்டியா" என்று கேட்கிறோம். அதோடு "சீனி பாத்தியா, கால் எப்பிடி இருக்கு, எத்தினை மணிக்குப் படுத்தாய்" என்றும் கேளுங்கள். அவர் வரப்போகிறேன் என்று சொல்லும்போது "இன்னும் ஒரு அக்ரிமெண்ட் இருந்துட்டு வாவன், ஓடு போட்டிரலாம்" என்று சொல்வதற்கு முன், அவருடைய குரலை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். அனுப்பிய காசில் பிள்ளைகளுக்குத் தினமும் பிஸ்கற்றும் சோடாவும் வாங்கினால், அடுத்த தலைமுறைக்கும் அதே வருத்தத்தைச் சீதனமாகக் கொடுக்கிறோம் என்பதையும் நினையுங்கள்.

இறுதியாக எமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். நூறு வருடத்துக்கு ஞாபகமாக வளைவும் சிலையும் வைப்பது நல்லது. அதோடு, மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பாடசாலையின் ஓர் அறையில், வெளிநாடு போவோருக்கும் வந்தோருக்கும் சீனி பார்த்து ஆலோசனை சொல்லும் வகுப்பொன்றை நடத்துவோம். எம் சங்கத்தில் வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் எல்லோரும் இருக்கிறோம். ஆளுக்கு வருடத்தில் இரண்டு சனிக்கிழமை போதும். இரண்டாவது, வெளிநாட்டில் உள்ள எம் மாணவியரைத் தொலைபேசிக் குழுவொன்றில் சேர்த்து, அவர்களுடைய கேள்விகளுக்கு வைத்தியர் ஒருவர் வாரம் ஒருநாள் பதில் சொல்வோம். மூன்றாவது, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் போனாலும் பயன்படும், போகிற அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவும் பயன்படும்.

எமது தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். மகளுக்கு வீடு கட்டி முடித்துவிட்டார். நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். காலையில் கிளினிக்குக்கு வருபவர்களைப் பிடித்து வைத்துக் கால் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். எம்மைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். முதல் சனிக்கிழமை வகுப்பை அவர்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டோம். "அதுக்கென்ன, வாறன்" என்றார். இந்த முறை டொக்டர் என்று சொல்லவில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.